திருப்பித் தராத சாவி

ராவ்யாவின் உயிர்ச்சாவி உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கெய்ரோவில் இம்பாபா பக்கம் போகும் மைக்ரோபஸ்ஸில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெருத்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக எழுந்தாள். பையின் வார் ராவ்யாவின் கழுத்துக் கயிற்றில் மாட்டியது. அந்த அம்மாள் நிற்கவில்லை. கயிறு அறுந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஆனால் கயிறு கெட்டி. சாவிதான் வளையம் தனியாக, உடல் தனியாகப் பிரிந்து, உடல் பஸ்ஸின் தரையில் எங்கோ விழுந்தது.

நாற்பது வயதுப் பெண். பதினைந்து வருடமாக மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பேட்டைக்கே இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். அவள் மண்டியிட்டு, பத்துப் பன்னிரண்டு பேரின் செருப்புக் கால்களுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினாள்.

"யம்மா, எறங்குறியா, இல்ல இங்கயே குடித்தனம் வைக்கப் போறியா?" என்றான் டிரைவர்.

"ஒரு நிமிஷம் நின்னா உன் பஸ்ஸு ஒண்ணும் தேஞ்சு போயிடாது," என்றாள் ராவ்யா தரையிலிருந்தே.

கிடைத்துவிட்டது. உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை.

உயிர்ச்சாவி என்றால் கெய்ரோவில் தெரியாதவர் கிடையாது. மேலே ஒரு வளையம், குறுக்கே ஒரு கை, கீழே நீளமாக ஒரு கால். பழங்காலத்துப் பரோ ராஜாக்கள் கோயில் சுவர்களில் இதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். கான் கலீலிச் சந்தைக் கடைகளில் வெள்ளைக்காரர்களுக்காகக் கொத்துக் கொத்தாகத் தொங்குவதும் இதுதான். நம்மவர்கள் யாரும் இதை வாங்குவதில்லை. ராவ்யாவினுடையது அந்தக் கொத்தில் சேர்ந்ததல்ல. அதன் கால் வெள்ளி, குறுக்குக் கை செம்பு, வளையம் தங்கம். மூன்றும் ஒன்றோடொன்று எங்கே சேர்கின்றன என்று விரலால் தடவினால் தெரியாது. பதினேழு வருடமாகத் தடவிப் பார்த்தவள் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

அடுப்படி மேசையில் இரண்டு துண்டையும் வைத்துவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது அண்ணன் மனைவி இன்ஷிரா அவற்றை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஷிரா நல்லவள்தான். ஆனால் எந்தப் பொருளையும் ஐந்து நிமிடம் சும்மா இருக்க விடமாட்டாள்.

"ஏ ராவ்யா, இதுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்க? ஒரு சொட்டு பசை விட்டா ஒட்டிக்கும். உங்கண்ணன் செருப்பே அதுல ஒட்டுனதுதான்."

"அண்ணி, தயவுசெஞ்சு அதக் கீழ வைங்க."

"எங்க வாங்குன? பழசு மாதிரி இருக்கே."

"யாரோ குடுத்தது."

இன்ஷிரா அவளை ஒரு பார்வை பார்த்தாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. நாத்தனாரின் சட்டைக்குள் ஒரு கயிறு இருப்பது அவளுக்குத் தெரியும். கயிற்றில் என்ன இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அது இன்ஷிராவுக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்று ராவ்யாவுக்குத் தெரியும்.

குடுத்தவன் பெயர் லுத்ஃபி.

எங்கள் பக்கம் கல்யாணம் பேசி முடித்தால் மாப்பிள்ளை பெண்ணுக்கு நகை போட வேண்டும். அதற்கு ஷப்கா என்று பெயர். ஷப்கா என்றால் தங்கம். அதில் இரண்டு பேச்சு கிடையாது. லுத்ஃபி அப்போது ஜமாலியாவில் ஒரு பட்டறையில் வெள்ளி வேலை செய்துகொண்டிருந்தான். வயது இருபத்தேழு, கையில் வேலை இருந்தது, பையில் ஒன்றும் இல்லை. ஒரு மெல்லிய தங்க மோதிரமும் ஒரு ஜோடித் தோடும் வாங்கினான். பெரிய நகைக்கு வழியில்லை. அதனால் இருந்த துளித் தங்கத்தை வளையமாக வளைத்து, வெள்ளியில் கால் வெட்டி, செம்பில் கை வைத்து, இந்தச் சாவியைத் தானே செய்து கொண்டுவந்தான்.

ராவ்யாவின் அப்பா மெத்வல்லி ஹாஜியார், ரோத் அல்-ஃபரஜில் அரிசி மண்டி வைத்திருந்தவர். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் ஃபாத்திஹா ஓதிக் கைகொடுத்துச் சம்பந்தத்தை உறுதி செய்துவிட்டார். ஐந்து மாதம் போயிற்று. கல்யாணச் சாமான்களுக்குப் பட்டியல் எழுதும் நாள் வந்தது. ஷப்காவை எடைபோட்டு வரலாம் என்று ஹாஜியார் தங்கக்கடைத் தெருவுக்கு எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனார். எடைக்காரர் மோதிரத்தைப் போட்டார், தோட்டைப் போட்டார். சாவியை மட்டும் இரண்டு விரலால் எடுத்துத் தட்டுக்கு வெளியே வைத்தார்.

"ஹாஜியாரே, இதத் தங்கம்னு போட்டா பொய். வெள்ளின்னு போட்டாலும் பொய். எந்தத் தராசுல போடச் சொல்றீங்க?"

கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் ஹாஜியார் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "வெள்ளக்காரனுக்கு விக்கிற பொம்மைய என் பொண்ணு கழுத்துல மாட்டிட்டான்" என்று கத்தினார். அழுதாலும் கெஞ்சினாலும் அந்த மனுஷர் இறங்கி வரவில்லை. ஒரு வாரத்தில் சம்பந்தம் முறிந்தது.

முறித்தால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை தானாக வேண்டாம் என்று போனால் நகை பெண்ணுக்கே. "உனக்கே இருக்கட்டும்" என்று அவன் சொல்லிவிட வேண்டும். பெண் வீடு வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, துணி போட்டு மூடி, பெரிய மனிதர் ஒருவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். மாப்பிள்ளை துணியை விலக்கிப் பார்த்து, எல்லாம் சரி என்றால் அறுந்தது அறுந்ததுதான். ஒன்று குறைந்தாலும் அறுந்ததாகக் கணக்கில்லை. குறைந்ததைப் பெண் வீட்டு வாசலுக்கே வந்து கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு.

ராவ்யா அந்த உரிமையைத்தான் நம்பினாள்.

தட்டு அடுக்கும்போது அம்மா, "சாவி எங்கடி?" என்று கேட்டாள். ராவ்யா, "பாலத்துமேல வரும்போது கயிறு அவுந்து நைல்ல விழுந்துடுச்சும்மா" என்றாள். அது அவள் உள்பாவாடை நாடாவில் முடிந்து இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா, "போய்த் தொலையட்டும்" என்றார். பயூமி சித்தப்பா தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

லுத்ஃபி நம்பமாட்டான் என்று ராவ்யா நினைத்தாள். குளிக்கும்போதுகூட அவள் அதைக் கழற்றுவதில்லை என்று அவனுக்குத் தெரியும், ஒரு முறை அவளே சொல்லியிருக்கிறாள். அவன் வருவான். வாசலில் நின்று என் சாமான் எங்கே என்று கேட்பான். அப்பா கத்துவார், பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடுவார்கள், அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து எல்லார் முன்னாலும் எங்கிட்டதான் இருக்கு, தரமாட்டேன் என்பாள். அப்புறம் அப்பா எப்படி மறுக்க முடியும்? இருபத்து மூன்று வயதில் இதையெல்லாம் ஒரு திட்டம் என்று நம்ப முடிந்தது.

அவன் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை, அந்த நோன்பில் வரவில்லை, பெருநாளுக்கும் வரவில்லை. பதினொரு மாதம் கழித்து அவனுக்குக் கல்யாணம் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு ராவ்யாவைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் ஒருவனுக்கு மூக்கு பெரிது, ஒருவனுக்கு அம்மா பெரிது, ஒருவன் சிரிப்பதே பிடிக்கவில்லை. கேட்கிறவர்களுக்கு இப்படித்தான் சொன்னாள். உள்ளே இருந்தது வேறு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாமே என்பதுதான். அந்தக் கேள்வி அவளோடு சேர்ந்து வயதாகி, அப்பாவின் மரணத்தையும் தாண்டி, அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை கடையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கக்கடைத் தெருவுக்குப் போனாள்.

முதல் கடைக்காரர் தொந்தி மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். இரண்டு துண்டையும் பார்த்ததும் திருப்பித் தள்ளினார். "இது வெள்ளி யம்மா. நாங்க தங்கத்துக்கு மட்டுந்தான் நெருப்புக் காட்டுவோம். வெள்ளிக்காரங்க தெருவுக்குப் போங்க."

வெள்ளிக்காரத் தெருவில் ஓர் இளைஞன் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தான். "அக்கா, இதுல தங்கம் இருக்கு. சூடு கொஞ்சம் கூடுனா தங்கம் வெள்ளிக்குள்ள எறங்கிடும். அப்புறம் எந்த மருந்து போட்டாலும் வெளிய வராது. எனக்கெதுக்கு உங்க சாபம்?"

மூன்றாவது ஆள் கிழவர். அவர் சாவியைத் திருப்பி முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். செம்புக் கையின் ஓரத்தில் ஒரு குட்டி உளிப் புள்ளி இருந்தது.

"இது நம்ம லுத்ஃபி வேலையாச்சே. மூணு உலோகத்த ஒண்ணா உக்கார வைக்கிற பைத்தியக்காரத்தனம் அவனுக்கு மட்டுந்தான் வரும். எந்தச் சூட்டுல பத்தவெச்சான்னு அவனுக்குத்தான் தெரியும். அவங்கிட்டயே போம்மா. கிணத்தடிச் சந்து, மேல்மாடி."

அவளுக்கு இது வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரியும். மூன்று கடை ஏறி இறங்கியதெல்லாம், வேறு வழியில்லாமல்தான் போனேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள. நாற்பது வயதில் மனுஷி தன்னையே ஏமாற்றிக்கொள்ள இவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது.

கிணத்தடிச் சந்தில் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தாள். நைலில் விழுந்ததாகச் சொன்ன பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுத்தவனிடமே போய் ரிப்பேர் பண்ணித் தா என்று கேட்க வேண்டும். பொய் சொன்னவள், திருடி என்றுகூடச் சொல்லலாம். திரும்பிப் போய்விடலாமா என்று கீழே ஏலக்காய் மூட்டைக் கடை முன்னால் நின்றாள். பிறகு, கேட்க வேண்டியது எனக்கும் ஒன்று இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படி ஏறினாள்.

லுத்ஃபி ஜன்னலோரம் குனிந்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. நெற்றியில் கண்ணாடி. சட்டைக்கு முன்னால் கொஞ்சம் தொந்தி. அறையில் வேறு யாரும் இல்லை. அவன் நிமிர்ந்து வாசலில் நிற்கிற பெண்ணைப் பார்த்தான், கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி மறுபடி பார்த்தான். அரம் கையிலேயே நின்றுவிட்டது.

"வாங்க," என்றான். "உக்காருங்க. கதவு தொறந்தே இருக்கட்டும்."

பதினேழு வருடத்தில் 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது. அவள் கதவருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கீங்களா? அப்பா தவறிட்டதாக் கேள்விப்பட்டேன். அல்லா ரஹ்மத் செய்யட்டும்."

"ம்."

"என்ன விஷயமா…"

அவள் கைக்குட்டையை அவிழ்த்துப் பட்டறைப் பலகையில் வைத்தாள். முதலில் வளையம். அடுத்து உடல்.

லுத்ஃபி அதைத் தொடாமல் குனிந்து பார்த்தான். கீழே சந்தில் ஒரு கைவண்டிக்காரன் வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனான்.

"இது நைல்ல கெடக்குதுன்னுல்ல நெனச்சேன்," என்றான் மெதுவாக.

"கெடக்கல."

"அப்ப?"

"எங்கிட்டதான் இருந்துது. அன்னையிலேருந்து." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. சங்கடப்படும்போது சண்டைக்குப் போவது அவள் பழக்கம். "ஒடஞ்சு போச்சு. எவனும் தொட மாட்டேங்கிறான். நீ செஞ்சத நீதான் சரிபண்ணணுமாம். பண்ண முடியுமா, முடியாதா?"

அவள் 'நீ' என்றதும் அவன் முகம் மாறியது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமல் நின்றது.

"முடியும்," என்றான்.

வளையத்தை இடுக்கியால் எடுத்து உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்தான். "என் தப்புதான். தங்கம் எறங்கிடுமோன்னு பயந்து பயந்து சூடு காட்டியிருக்கேன். மேலாப்ல ஒட்டியிருக்கு, உள்ள புடிக்கவே இல்ல. இவ்வளவு நாள் தாங்குனதே பெருசு."

அவன் உடைந்த முகங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். செம்பும் வெள்ளியும் சேரும் இடம் இளகிவிடாமல் இருக்க அதன்மேல் ஈரக் களிமண் அப்பினான். வெங்காரம் தடவி, துளித் துளியாகப் பற்றவைப்புப் பொடி வைத்தான். அந்தக் கைகள் மாறவில்லை. விரல் கணுக்கள் பருத்திருந்தன, அவ்வளவுதான். ராவ்யா அந்தக் கைகளையே பார்த்தாள். ஒருகாலத்தில் இந்தக் கைகள் வீட்டுக்குள் விளக்கு மாட்டும், கதவு சரிபார்க்கும், தனக்குத் தேநீர் ஊற்றித் தரும் என்று நினைத்தவள். பார்ப்பதற்கு இப்போது ஒரு காரணம் இருந்ததால் கூச்சமில்லாமல் பார்த்தாள்.

அவன் ஊதுவிளக்கைப் பற்றவைக்கும் முன்னால் அவள் கேட்டுவிட்டாள்.

"ஏன் வந்து கேக்கல?"

அவன் கை நின்றது.

"தட்டுல ஒண்ணு கொறஞ்சுதுல்ல? வந்து கேக்க உனக்கு உரிமை இருந்துதுல்ல? வாசல்ல வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? மூணு மாசம் ஜன்னல்லயே கெடந்தேன். தெருவுல எவன் இருமினாலும் நீதான்னு எட்டிப் பாத்தேன். உனக்கு அவ்வளவுதானா நான்?"

கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்காகவும் அவன்மேல்தான் கோபம் வந்தது.

லுத்ஃபி ஊதுவிளக்கைக் கீழே வைத்தான்.

"பயூமி சித்தப்பா தட்டோட வந்தாரு," என்றான். "அம்மா அவருக்கு டீ கொண்டாந்து வெச்சாங்க. அவரு கிளாஸக் கையில எடுத்துட்டாரு, நான் துணிய வெலக்குனேன். மோதிரம் இருந்துது. தோடு இருந்துது. சாவி இல்ல." அவன் விரலைத் துணியில் துடைத்தான். "ராவ்யா, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்துதுன்னு உனக்குத் தெரியாது. எல்லாத்தையும் அனுப்புன நீ, இத மட்டும் அனுப்பல. அப்ப நம்ம சம்பந்தம் இன்னும் முடியல. நீ வேணும்னேதான் வெச்சுக்கிட்டிருக்கன்னு தோணுச்சு. நாளைக்கே போய் வாசல்ல நிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். என்ன சட்ட போடணும்னுகூட யோசிச்சுட்டேன். உங்க சித்தப்பா டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் என்ன மாதிரி சந்தோஷமான ஆளு இந்தக் கெய்ரோவுலயே கெடையாது."

"அப்புறம்?"

"அப்புறம் அவரு கிளாஸக் கீழ வெச்சுட்டு, நைல்ல விழுந்த கதையச் சொன்னாரு."

"நம்பிட்டியா? நான் அதக் கழட்டவே மாட்டேன்னு உனக்குத் தெரியுமே!"

"நான் நம்பல. 'யாரு சொன்னது?'ன்னு கேட்டேன். அவரு, 'யாரும் சொல்லல தம்பி, நான் பக்கத்துலயே நின்னேன்'னாரு. கயிறு அவுந்து விழுந்துச்சாம், நீ கம்பியப் புடிச்சுட்டு எட்டிப் பாத்தியாம், மீன்காரன் ஒருத்தன்கூடப் படகுலேருந்து கைய விட்டுத் தேடினானாம். சையிதா ஜைனப் தர்கா மேல ஆணையாச் சொன்னாரு. பெரிய மனுஷன் ஆணையிட்டுச் சொல்றாரு, நான் என்ன பண்ண?"

ராவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். பயூமி சித்தப்பா எப்போதும் அப்படித்தான். கல்யாண வீட்டில் நூறு பேர் என்றால் முந்நூறு என்பார். யாராவது அவர் பேச்சை நம்பாதது போலத் தெரிந்தால் உடனே ஓர் ஆணை, கூடவே ஒரு சாட்சி. வீட்டில் எல்லாரும் அவரைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். பொய்யை அவள் ஒரு வரியில்தான் சொன்னாள். அதற்குக் கம்பியும் படகும் மீன்காரனும் வைத்துக் கட்டியவர் அவர்.

"நான் வெச்சிருக்கேன்னு சொல்லியிருந்தா புடுங்கி அனுப்பியிருப்பாங்க," என்றாள். "அதான் அப்படிச் சொன்னேன். கையில இருந்தாத்தானே நீ வருவன்னு…"

"புடுங்கியிருந்தா, நீ தரமாட்டேன்னு நின்ன சேதியாவது எனக்கு வந்திருக்கும்."

அவன் குற்றம் சொல்லவில்லை. கணக்கை முடித்துக் காட்டுவது போலச் சாதாரணமாகத்தான் சொன்னான். அதனால்தான் அது அவளுக்கு உறைத்தது. அவனை வரவழைக்கச் சொன்ன பொய்தான் அவனை நிறுத்தியது. பதினேழு வருடம் அவள் ஒருத்தனைக் கோபித்துக்கொண்டிருந்தாள், அவன் தப்பே செய்யவில்லை.

அவன் ஊதுவிளக்கை மூட்டினான். நெருப்பு நீலமாகி, சாவியைச் சுற்றி மெதுவாக நடந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். இந்தத் தடவை அவன் பயப்படவில்லை. வெள்ளி மங்கிச் சிவந்தது, பொடி நெளிந்து, ஒரு கணம் பளிச்சென்று ஓடி உட்கார்ந்தது. நெருப்பை எடுத்துவிட்டான். தங்கம் தங்கமாகவே இருந்தது.

அமிலத் தண்ணீரில் போட்டதும் சுர்ரென்று புகைந்தது. அப்போது பலகையில் இருந்த அவனுடைய கைப்பேசி அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஒரு விரலால் தட்டினான். பெண் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அப்பா, அம்மா கேக்குது, வரும்போது முலுகியாக் கீரையும் ரொட்டியும் வாங்கிட்டு வருவியா, இல்ல போன வாரம் மாதிரி மறந்துட்டு நிப்பியான்னு."

"வாங்கிட்டு வரேன்னு சொல்லு."

"அம்மா, வாங்கிட்டு வராராம்! அம்மா சிரிக்குதுப்பா. நம்பலையாம்."

"சொன்னா சொன்னதுதான்னு சொல்லு," என்று வைத்தான். வைத்துவிட்டு, "கடக்குட்டி," என்றான் அவளிடம், மன்னிப்புக் கேட்பது போல. "மூணும் பொண்ணு."

"ஆயுசோட இருக்கட்டும்," என்றாள் ராவ்யா. மனதாரத்தான் சொன்னாள். சொன்ன பிறகு நெஞ்சு வலித்தது.

அவன் சாவியைக் கழுவி, பித்தளைத் தூரிகையால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, துணியில் ஒற்றி எடுத்தான். கயிற்றில் கோத்து அவள் கையில் வைத்தான். இளஞ்சூடாக இருந்தது. முன்பு இருந்ததைவிட உறுதியாக இருந்தது. அவள் எவ்வளவு தருவது என்று பையைத் திறந்தாள். அவன் கையை அசைத்தான்.

எழுந்தாள். கதவுவரை போனாள். போய்விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. அவள் திரும்பி நின்றாள். இனிமேல் இந்தப் படியை ஏறக் காரணம் எதுவும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் வெட்கத்தை விட்டுச் சொன்னாள்.

"லுத்ஃபி. வழக்கப்படி பாத்தா, நான் இன்னும் திருப்பித் தரல. இன்னும் அறுந்ததாக் கணக்கில்ல." சிரிக்க முயன்றாள். "சும்மா சொன்னேன்."

சும்மா சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அவனை அவள் எங்கும் கூப்பிடவில்லை. வீட்டை விட்டு வா என்று கேட்கவில்லை, அப்படிப்பட்டவள் அல்ல அவள். இத்தனை வருடம் அவளுக்கு என்று இருந்தது இந்த ஒன்றுதான்: எங்கேயோ ஒரு தட்டில் ஒரு பொருள் குறைகிறது, அதனால் ஒரு கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. அதை அவன் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போக ஆசைப்பட்டாள்.

லுத்ஃபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான். அணைந்து கிடந்த ஊதுவிளக்கை ஒரு தரம் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"உனக்கே இருக்கட்டும், ராவ்யா," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அந்தச் சொல்லை எப்போது, யார் சொல்வது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. முறித்தவன் சொல்வது அது. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, பொருளைப் பெண்ணுக்கே விட்டுவிட்டுப் போகிறவன் சொல்வது. இனி அவள் பொய் சொன்னவள் இல்லை, எடுத்து ஒளித்தவள் இல்லை. சாவி முறைப்படி அவளுடையது. இனிமேல் தட்டில் எதுவும் குறையவில்லை.

"வரேன்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். சாவியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, தெரு பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். எதிரே ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே இருந்த கடைக்காரி எழுந்து வந்து தோளைத் தொட்டாள்.

"என்னம்மா ஆச்சு? மேல ரிப்பேருக்குத்தானே போன? வாய்க்கு வந்த காச கேட்டுட்டானா அந்த லுத்ஃபி? இரு, நான் வந்து ரெண்டு வார்த்த கேக்குறேன்."

"இல்லக்கா," என்றாள் ராவ்யா. "காசே வாங்கல."

"பின்ன எதுக்கு அழற?"

"காசே வாங்கலக்கா," என்று மறுபடி சொன்னாள்.